மூன்று பேரை டேக் செய்யவும்

சிப்ஸ் பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் என்ன அச்சாகியிருக்கிறது என்று படிப்பது என் பழக்கம். முன்பக்கம் "கோடை அனுப்புங்கள், காரை வெல்லுங்கள்" என்று பெரிதாகப் போட்டிருந்தால், பின்பக்கம் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற அளவில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: இந்தத் திட்டம் தமிழ்நாட்டில் செல்லாது. இந்தியா முழுக்க எல்லாரும் கார் ஜெயிக்கலாம், சாத்தான்குளத்துக்காரன் மட்டும் சிப்ஸைத் தின்றுவிட்டு பாக்கெட்டைத் தூரப் போட வேண்டியதுதான்.

காரணம், தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் (தடை) சட்டம், 1979. எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்தது. சட்ட மொழியை உடைத்துச் சொன்னால் இவ்வளவுதான்: கடையிலோ வேறு இடத்திலோ பொருள் வாங்கியவர்களில் இருந்து சீட்டுப் போட்டோ, குலுக்கியோ, வேறு வழியிலோ ஆளைத் தேர்ந்தெடுத்துப் பரிசு கொடுக்கும் திட்டத்தை நடத்தக் கூடாது. லாட்டரியை 2003 ஜனவரியில்தான் இந்த மாநிலம் தடை செய்தது. அதற்கு இருபது வருஷத்துக்கு மேல் முன்னாலேயே கடைக்காரர்களின் குலுக்கலுக்குத் தடை வந்துவிட்டது.

இப்போது போனை எடுத்து இன்ஸ்டாகிராமைத் திறங்கள். ஐபோன், புல்லட், பட்டுப்புடவை, மிக்ஸி, ஏன், ஒரு பவுன் தங்கம் வரைக்கும் கிவ்அவே நடக்கிறது. நிபந்தனை நான்குதான். பேஜை ஃபாலோ பண்ணணும். போஸ்டுக்கு லைக் போடணும். கமெண்டில் மூன்று நண்பர்களை டேக் செய்யணும். ஸ்டோரியில் ஷேர் பண்ணினால் கூடுதல் வாய்ப்பு. பத்து பைசா செலவில்லை என்பதால், 1979 சட்டத்தில் இருக்கும் 'வாங்கியவர்' என்ற சொல்லுக்குள் இது அடங்குவதாகத் தெரியவில்லை. நான் வக்கீல் இல்லை, படித்துப் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். அதே சமயம், "எங்கள் கடையில் வாங்கிய பில்லைப் போட்டோ எடுத்து டேக் செய்யுங்கள், குலுக்கலில் பைக்" என்று ஒரு ரீல் வந்தால் அது அந்தச் சட்டத்துக்குள் நேராக நடந்து போய் உட்கார்ந்துவிடும். போடுகிறவர்களில் பலருக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரிவதில்லை.

சட்டத்தைப் பேச இதை எழுதவில்லை. கிவ்அவே ரீல் என்பது இன்று தனியாக ஒரு வகைமை. அதற்கென்று ஒரு தொடக்கம் (பெட்டியைக் கேமராவுக்கு நீட்டுவது), ஒரு நடு (நிபந்தனை), ஒரு முடிவு (சக்கரம் சுற்றி ஒரு பெயர் வருவது) உண்டு. சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம், இதற்கு யாரும் எழுதுவதில்லை. இது செய்வதாகச் சொல்லும் வேலையைச் செய்கிறதா என்று பார்ப்பதுதான் என் நோக்கம். சொல்லும் வேலை, 'ஆடியன்ஸை வளர்ப்பது'. என் வாதம்: கிவ்அவே வளர்ப்பது எண்ணிக்கையை. ஆடியன்ஸ் என்பது வேறு. அந்த எண்ணிக்கைக்கான செலவில் பெரும்பகுதியைக் கொடுப்பவரும் பரிசு தருகிறவர் இல்லை.

இது தமிழுக்குப் புதிதும் இல்லை. எஸ்.எஸ். வாசன் 1928-ல் ஆனந்த விகடனை வாங்கினார். 1930களில் விகடனின் குறுக்கெழுத்துப் போட்டி பெரிய பரபரப்பு. பரிசுக்காகவே பத்திரிகை வாங்கினவர்கள் ஏராளம், விற்பனை ஏறியது. இந்தியா முழுக்கவும் இதே கதை. ஆர்.எம்.டி.சி. குறுக்கெழுத்துகள் என்று ஒன்று பெங்களூரில் அச்சான 'ஸ்போர்ட்டிங் ஸ்டார்' பத்திரிகை வழியாக நடந்தது. நுழைவுக் கட்டணம் உண்டு. பம்பாய் மாகாணத்தில் அது நன்றாக ஓட, மாகாண அரசு வரி போட, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1957-ல் தீர்ப்பானது. சூதாட்டம் வியாபாரம் ஆகாது, அரசியலமைப்பு வியாபாரத்துக்குத் தரும் உரிமையை அதற்குக் கேட்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அதற்கு முன்பே 1955-ல் நாடாளுமன்றம் பரிசுப் போட்டிச் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. எழுத்து, சொல், எண்களை வைத்து நடத்தும் புதிர்ப் போட்டிகளின் பரிசு மாதம் 1,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, அதற்குள் நடத்தவும் லைசென்ஸ் வேண்டும், 2,000 விண்ணப்பத்துக்கு மேல் வாங்கக் கூடாது.

விகடனைப் பொறுத்தவரை எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தப் போட்டியின் விடைகளை இன்று ஒருவரும் தேடுவதில்லை. அதே வருஷங்களில் அதே தாளில் கல்கி எழுதினார். அவர் எழுதியதை இன்றும் பதிப்பித்து விற்கிறார்கள். பரிசு ஆளைக் கதவு வரைக்கும்தான் கூட்டிவந்தது. உள்ளே உட்கார வைக்க ஒரு கல்கி தேவைப்பட்டார். கிவ்அவேயை ஆதரிக்கிறவர்கள் "விகடனே செய்தது" என்று சொல்லக்கூடும். விகடன் அதை மட்டும் செய்யவில்லை என்பதே என் பதில்.

என் சித்தி மகன் ஒருத்தன் இன்ஸ்டாவில் ஒரு பேஜ் நடத்துகிறான். தேரிக்காடு, பனையேறிகள், பதநீர் காய்ச்சுவது, முதலூர் மஸ்கோத் அல்வா, குலசை தசராவுக்கு வேஷம் கட்டுகிறவர்கள் என்று எங்கள் பக்கத்து விஷயங்கள். ஆயிரத்து இருநூறு பேர் பின்தொடர்கிறார்கள். போன வருஷம் எனக்குப் போன் பண்ணினான்.

"அண்ணே, ஒரு பதினஞ்சாயிரம் ரூவாக்கி போன் வாங்கி கிவ்அவே போடலாம்னு இருக்கேன். அஞ்சாயிரம் ஃபாலோயர்ஸ் தாண்டிட்டா கடைக்காரங்க விளம்பரம் குடுப்பாங்கல்லா."

"காசு ஏதுல?"

"நகைச்சீட்டு முடியுதுண்ணே."

இரு, கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்றேன். கற்பனைக் கணக்குதான், ஆனால் இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் எவரும் ஒத்துக்கொள்ளும் வகைக் கணக்கு. இப்போது 1,200 பேரில் 150 பேர் ஒவ்வொரு வீடியோவுக்கும் லைக்கோ கமெண்டோ போடுகிறார்கள் என்று வை. நூற்றுக்குப் பன்னிரண்டரை. கிவ்அவேயில் 4,000 பேர் புதிதாக வருகிறார்கள். தலைக்கு மூணே முக்கால் ரூபாய், மலிவுதான். முடிவு அறிவித்த வாரமே ஒரு கூட்டம் அன்ஃபாலோ செய்யும். மிச்சம் 2,500 பேர் சோம்பலில் தங்கிவிடுகிறார்கள் என்று வை. அவர்களுக்குப் பனையும் தெரியாது, தேரியும் தெரியாது. மதுரையிலோ ஓசூரிலோ இருந்து போனுக்காக வந்தவர்கள். அடுத்த வீடியோவுக்கும் அதே 150 பேர்தான் கை தட்டுவார்கள். இப்போது 3,700-க்கு 150. நூற்றுக்கு நாலு. விளம்பரம் கொடுக்கும் கடைக்காரரோ அவரது ஏஜென்சியோ முதலில் பார்க்கிற எண் இந்த விகிதம்தான். செலவு பண்ணி அதைக் கீழே இறக்கியிருப்போம்.

இன்னொரு அடி மறைமுகமாக விழும். இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி 2021 ஜூனில் எழுதிய விளக்கத்தில், யாருக்கு எதைக் காட்டுவது என்று வரிசைப்படுத்த அவர்கள் பார்க்கும் சமிக்ஞைகளைச் சொல்லியிருந்தார். போட்டவரோடு பார்ப்பவருக்கு இதுவரை இருந்த ஊடாட்டம் அதில் முக்கியமானது. ஒரு தடவை டேக் போட்டுவிட்டு அப்புறம் எட்டிப் பார்க்காத 2,500 பேர் அந்தக் கணக்கில் வெறும் பாரம்.

வேடிக்கை என்னவென்றால், இது எல்லாரையும் விட நன்றாகத் தெரிந்தது மெட்டாவுக்குத்தான். "எங்கள் பேஜை லைக் பண்ணினால்தான் போட்டிக்குள் விடுவோம்" என்று ஆப் வழியாகக் கட்டாயப்படுத்துவதை ஃபேஸ்புக் 2014 நவம்பரில் நிறுத்தியது. அந்தப் பேஜ் சொல்வதைக் கேட்க விரும்பி மக்கள் லைக் போடணும், தூண்டிலுக்காகப் போடக் கூடாது என்பது அப்போது அவர்கள் சொன்ன காரணம். 2017 டிசம்பரில் ஒரு படி மேலே போய், "நண்பரை டேக் பண்ணுங்க", "ஷேர் பண்ணுங்க" என்று கெஞ்சும் பதிவுகளைக் கீழே தள்ளுவோம் என்று அறிவித்தார்கள். அதே கம்பெனியின் இன்ஸ்டாகிராமில் அதே வாசகம்தான் இன்று கிவ்அவேயின் முதுகெலும்பு. அங்கே போட்டி நடத்துகிறவருக்கான விதி என்ன? இதற்கும் இன்ஸ்டாகிராமுக்கும் சம்பந்தமில்லை என்று அறிவிக்கணும், படத்தில் இல்லாத ஆளைப் படத்தில் டேக் செய்யச் சொல்லக் கூடாது, சட்டப்படி நடப்பது உங்கள் பொறுப்பு. அவ்வளவுதான். யூடியூப் கொஞ்சம் கறார். போட்டி இலவசமாக இருக்கணும், போட்டியை வைத்து வியூ, லைக், சப்ஸ்கிரைபர் எண்ணிக்கையைத் திரிக்கக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். "சப்ஸ்கிரைப் பண்ணி ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க" என்று கேட்கிற தமிழ் வீடியோக்களை நினைத்துக்கொண்டே அந்தப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள்.

சரி, டேக் செய்வதால் என்ன நஷ்டம்? ஒருத்தர் எத்தனை கமெண்ட் வேண்டுமானாலும் போடலாம் என்றால், நாற்பது கமெண்ட் போடுகிற ஆள் நூற்றிருபது முறை மற்றவர்களின் போனைத் தட்டுகிறார். அந்தப் போன்களுக்குச் சொந்தக்காரர்கள் அத்தை மகள், பழைய கிளாஸ்மேட், ஆபீஸில் கூட வேலை பார்ப்பவர். அவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. இந்த விளம்பரத்தைக் காசு கொடுத்துச் செய்தால் என்ன விலையோ, அதைச் செலுத்துவது டேக் செய்தவரின் பழக்கவழக்கம், உறவு. ஒரு கிவ்அவே முடிந்ததும் அந்தக் கமெண்ட் பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான பெயர்கள், ஒரு வாக்கியம்கூட இருக்காது. வாசகர் கடிதப் பகுதி என்று ஒன்று இருந்ததே, அதன் இடத்தில் இது வந்து உட்கார்ந்திருக்கிறது.

பல பேர் சேர்ந்து நடத்தும் 'லூப்' வகை இன்னும் மோசம். ஒரு பிரபலம் முகம் காட்டுவார். பரிசுக்கு ஸ்பான்சர் செய்தவர்களின் ஐம்பது பேஜையும் ஃபாலோ செய்தால்தான் வாய்ப்பு. இங்கே பரிசு யாருக்குப் போனாலும் விற்கப்பட்ட சரக்கு ஃபாலோயர்தான். கர்தாஷியன் குடும்பத்தோடு சேர்ந்து இப்படி நடத்திய கியூரேட்டட் என்ற ஆஸ்திரேலிய நிறுவனத்தின் மீது 2022-ல் கலிஃபோர்னியாவில் வழக்கே தொடர்ந்தார்கள்.

இனி என் தொழிலுக்குள் வருகிற விஷயம்: குலுக்கல். கமெண்ட் பிக்கர் என்ற தளத்தில் போஸ்டின் முகவரியைப் போட்டால் சக்கரம் சுற்றி ஒரு பெயரைக் காட்டும். அதை ஸ்கிரீன் ரெக்கார்ட் செய்து போட்டுவிட்டால் நேர்மையாக நடந்ததாக எல்லாரும் எடுத்துக்கொள்கிறோம். சக்கரத்தை எத்தனை தடவை சுற்றினார்கள் என்று அந்த வீடியோ சொல்லாது. வேண்டிய பெயர் வரும்வரை சுற்றிவிட்டுக் கடைசிச் சுற்றை மட்டும் போட முடியும். கமெண்ட் போட்டவர் நிஜமாகவே ஃபாலோ செய்கிறாரா என்று சோதிக்க இன்ஸ்டாகிராம் வெளி மென்பொருளுக்கு ஃபாலோயர் பட்டியலைத் தருவதில்லை. ஜெயித்த ஒருவரை வேண்டுமானால் கையால் தேடிப் பார்க்கலாம். ஆக, நான்கு நிபந்தனையில் மூன்று வெறும் அலங்காரம்.

ஒழுங்காகச் செய்வது கடினமும் இல்லை. கடைசி நேரம் முடிந்ததும் எண் போட்ட பெயர்ப் பட்டியலை வெளியிடணும். பின்னால் வரப்போகிற, எவராலும் மாற்ற முடியாத ஒரு பொது எண்ணை (நாளை மறுநாள் சென்செக்ஸ் முடியும் புள்ளி மாதிரி) முன்கூட்டியே அறிவிக்கணும். அதைப் பட்டியலின் எண்ணிக்கையால் வகுத்து வரும் மீதியே ஜெயித்தவரின் எண். வீட்டில் இருந்தபடியே யாரும் சரிபார்க்கலாம். இதைச் செய்த ஒரு தமிழ் பேஜையும் நான் பார்த்ததில்லை.

ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் இதைவிட நன்றாக யோசித்திருக்கிறார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டு, முதலாம் பராந்தகன் காலம், பொது ஆண்டு 919, 921. குடும்பு வாரியாகப் பெயரெழுதிய ஓலைகளைக் குடத்தில் இடுவார்கள். சபை கூடியிருக்கும்போது எல்லாரும் பார்க்கும்படி முதியவர் ஒருவர் குடத்தை உயர்த்திப் பிடிப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் எடுப்பான். எடுத்த ஓலையை வாங்குகிற மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில்தான் வாங்கணும். அந்த ஐந்து விரலைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. யாரோ ஒருத்தர் கைக்குள் வேறு ஓலையை மடக்கி வைத்திருந்து மாட்டியிருக்கணும், இல்லாவிட்டால் இவ்வளவு நுணுக்கமாக விதி எழுதத் தோன்றாது. என் ஊகம்தான்.

"மிஸ்டர்பீஸ்ட் இப்படித்தானே வளர்ந்தார்?" என்று கேட்பார்கள். 2017-ல் ஒரு ஸ்பான்சர் கொடுத்த 10,000 டாலரை அப்படியே வீடில்லாத ஒருவரிடம் கொடுத்து வீடியோ எடுத்தார். அங்கிருந்து ஏறி 2024 ஜூனில் டி-சீரிஸைத் தாண்டி உலகிலேயே அதிக சப்ஸ்கிரைபர் உள்ள சேனலானது அவருடையது. ஆனால் அங்கே கொடுப்பதே காட்சி. பரிசு வாங்காத கோடிப் பேரும் பார்ப்பது அந்தக் காட்சியைத்தான், அவர்களுக்கு அதில் ஒரு கதை கிடைக்கிறது. நம்மூர்க் கிவ்அவேயில் ஜெயிக்காதவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. மிஸ்டர்பீஸ்ட் முறையைத் தெருவுக்குக் கொண்டுவந்த தமிழ் வீடியோக்கள் வேறொரு சங்கடம். வாங்குகிறவரின் முகத்துக்கு அருகே கேமரா, அவர் அழும்வரை காத்திருப்பது, பின்னணியில் வயலின். என்னால் முழுதாகப் பார்க்க முடிவதில்லை.

இதைவிட 5 பைசா பிரியாணி எவ்வளவோ தேவலை. திண்டுக்கல்லில் 2019-ல் ஒரு கடை பழைய 5 பைசா நாணயம் கொண்டுவந்தால் அரை பிரியாணி என்று அறிவித்து, கூட்டம் அலைமோதியது. விளம்பர உத்திதான், ஆனால் வந்தவர் அந்தக் கடையின் பிரியாணியைத் தின்றுவிட்டுப் போனார். பிடித்திருந்தால் திரும்ப வருவார். பனையேறிகளைப் பற்றிய பேஜில் போனைக் கொடுத்தால், வருகிறவர் எதை ருசி பார்ப்பார்?

பரிசு இல்லாமல் யாரும் எதையும் ஷேர் பண்ண மாட்டார்கள் என்று ஒரு எண்ணம் இந்தத் தொழிலில் இருக்கிறது. எங்கள் ஊர்க்காரனிடம் அதைச் சொல்லக் கூடாது. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ஜெயராஜும் பென்னிக்ஸும் அடுத்தடுத்து இறந்தபோது, நடந்ததை ஆங்கிலத்தில் விளக்கிப் பாடகி சுசித்ரா இன்ஸ்டாகிராமில் ஒரு வீடியோ போட்டார். ஒரு முகம், ஒரு குரல், வேறொன்றும் இல்லை. தமிழ் தெரியாத ஊர்களிலும் லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள், பகிர்ந்தார்கள். அதில் சொன்ன சில விவரங்களைப் போலீஸ் மறுத்தது, பிறகு அவர் அதை நீக்கவும் செய்தார். அதற்குள் சாத்தான்குளம் எங்கே இருக்கிறது என்று தேசம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒருத்தரும் மூன்று பேரை டேக் செய்யச் சொல்லவில்லை.

தம்பிக்குக் கடைசியாக வரிக் கணக்கையும் சொன்னேன். குலுக்கல் பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீதம் வரி பிடிக்கணும். பரிசு பொருளாக இருந்தால் வரி கட்டியாச்சா என்று உறுதி செய்த பிறகே கையில் கொடுக்கணும். பதினஞ்சாயிரம் போனுக்கு நாலாயிரத்து ஐந்நூறு. அதை நீ கட்டுவியா, ஜெயிச்சவன்ட்ட கேப்பியா? கேட்டா அவன் உன்ன ஃபிராடும்பான். அப்படி நினைப்பதற்கும் காரணம் இருக்கிறது. ஒரு பேஜ் கிவ்அவே அறிவித்தால், அதே படம், அதே பெயரோடு போலிக் கணக்கு முளைத்து, கமெண்ட் போட்டவர்களுக்கு "நீங்க ஜெயிச்சிட்டீங்க, கூரியர் சார்ஜ் மட்டும் அனுப்புங்க" என்று மெசேஜ் போடுவது இப்போது வாடிக்கை. கமெண்ட் பட்டியலே அவர்களுக்கு விலாசப் புத்தகம். காசு போனவர்கள் 1930-க்குப் போன் செய்யலாம். செய்கிறவர்கள் குறைவு, தொகை சின்னது என்று விட்டுவிடுவார்கள்.

"அப்ப என்னதாண்ணே செய்யச் சொல்லுதிய?"

பரிசு கொடுக்கணும் என்றால் உன் பேஜிலிருந்தே கொடு என்றேன். உடன்குடிக் கருப்பட்டி ரெண்டு கிலோ. குலுக்கல் வேண்டாம். பனையேறி இடுப்பில் கட்டுகிற பெட்டிக்கு உங்க ஊரில் என்ன பெயர், அதை முடைந்தவர் யார் என்று கேள். உங்க வீட்டுப் பெரியவர் குரலில் ஒரு நிமிஷம் பதிந்து அனுப்பச் சொல். நல்ல பதிவுக்குக் கருப்பட்டி.

"போன் இல்லாம யாருண்ணே அனுப்புவா?"

போட்டான். பதினேழு பதிவு வந்தது. நாலு பேர் கேள்வியைப் புரிந்துகொள்ளாமல் பனம்பழம் சுடுவதைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். ஒரு பாட்டி அருவாப் பெட்டி என்று ஆரம்பித்து, அதைக் கட்டிக்கொண்டு மரத்திலிருந்து விழுந்த தன் அண்ணனைப் பற்றி ஏழு நிமிஷம் பேசியிருந்தார். ஒரு நிமிஷ விதியை மீறியதால் பரிசு கொடுக்கலாமா என்று தம்பி என்னிடம் கேட்டான். நகைச்சீட்டுப் பணத்தில் ஒரு மைக் வாங்கியிருக்கிறான். ஃபாலோயர் இன்னும் இரண்டாயிரத்தைத் தொடவில்லை.